ஆளில்லாத வீட்டுக்கு ஐடா வரைந்த பேய்

செய்தி வந்தபோது நான் ஒரு பேயின் தும்மலைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நெய்யாற்றின்கரையில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருக்கும் சின்ன ஒலிப்பதிவு அறையில் இருந்தேன். தும்மல் மூக்கிலிருந்து வருகிறது, நெஞ்சிலிருந்து வர வேண்டும் என்று ஐடா முந்தின வாரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே குறை சொல்லியிருந்தாள். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போனை எடுத்தேன். அவள் கணவர் செல்வின்.

“லதா, ஐடா போயிட்டா” என்றார். அவரே மறுபடியும் பேசினார். “நீ அடிச்சுப் பெரண்டு ஓடி வரண்டாம். கையில இருக்க வேலைய முடிச்சிட்டு வா. இல்லேன்னா அவ என்னையாக்கும் ஏசுவா.”

முடித்துவிட்டுத்தான் போனேன். பேய்க்குக் குரல் கொடுப்பவன் எங்களோடு பின்னணி ஓவியம் வரையும் பிபின். அவன் அழுதுகொண்டே தும்மினான், நான் அழுதுகொண்டே பதிவு செய்தேன். இந்த முறை தும்மல் நெஞ்சிலிருந்தே வந்தது.

காரோடு ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் நின்ற உங்களில் பலருக்கு ஐடா பலவிதமாகத் தெரிந்தவள். சிலருக்கு ஞாயிறு பள்ளியில் கரும்பலகை நிறைய நோவாவின் பேழையை வரைந்து, அதில் ஒரு கோழியை மட்டும் தண்ணீரில் தவிக்கவிட்ட டீச்சர். சிலருக்குப் பாடகர் குழுவில் மற்றவர்களைவிடச் சற்றே முந்திப் பாடி முடித்துவிடுகிறவள். சபைப் போதகரான ஐயர் அடக்க ஆராதனையில் அவளைப் பற்றி நன்றாகத்தான் பேசினார். ஆனால் ‘பிள்ளைகளுக்காக ஒரு நல்ல திரைப்படம் செய்துவந்த சகோதரி’ என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அது பேய்ப்படம் என்பதைச் சொல்லவில்லை. ஐடாவால் முடிந்திருந்தால் பெட்டிக்குள்ளிருந்து எழுந்து உட்கார்ந்து திருத்தியிருப்பாள். ஆகவே நான் இங்கே திருத்துகிறேன். அது பேய்ப்படம்தான். பெயர் ‘ஆளில்லா வீட்டு ஆள்’. முழுநீள அனிமேஷன் படம். பிள்ளைகள் பயப்படுவதற்காகவே செய்த படம்.

நாங்கள் இருவரும் திருவனந்தபுரத்தில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் தொடர்களின் துண்டுகள் அங்கே வரைய வரும். அவள் முக்கியமான படங்களை வரைவாள், நான் இடைப்படங்களை வரைவேன். விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பிள்ளை கையை உயர்த்த வேண்டுமென்றால், கை கீழே இருக்கும் படத்தையும் மேலே இருக்கும் படத்தையும் ஒருவர் வரைவார். கீழிருந்து மேலே போகிற வழியை எல்லாம் இன்னொருவர் வரைந்து நிரப்ப வேண்டும். அந்த நிரப்புகிற வேலைதான் என்னுடையது. ஒரு மழைக்காலம் முழுக்க எங்களுக்குப் பனி பெய்யும் ஊர் ஒன்று வரைய வந்தது. வெளியே சாரல் சன்னலை அடித்துக்கொண்டிருந்தது. ஐடா பேனாவைக் கீழே வைத்தாள். “பனியக் கண்ணால கண்டதில்ல நான். எத்தன வருசமா வாரி வாரிக் கொட்டுதேன் மக்கா! இனி மழைதான் வரையணும்” என்றாள். சொன்னபடியே அந்த வருடம் வேலையை விட்டாள். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை. ஆனால் அவள் இல்லாமல் அந்த அறையில் சோறு இறங்கவில்லை, அதனால் கொஞ்ச நாளில் நானும் விட்டேன். படத்துக்கு வசனமும் ஒலியும் என் பொறுப்பு என்று அவள்தான் தீர்மானித்தாள். என்னைக் கேட்கவில்லை.

படத்துக்கான வீட்டை அவள் கண்டுபிடித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பனச்சமூட்டில் என் வீட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது என்னையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டாள். நான் ஏற்கெனவே கதை ஒன்று எழுதி வைத்திருந்தேன். அதில் ஓடு சரிந்த பழைய பங்களா, வௌவால், ஒட்டடை எல்லாம் உண்டு. வழியில் ஒரு புது மாடிவீட்டின் முன்னால் வண்டியை நிறுத்தினாள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கட்டிப் பூட்டிப் போட்டிருக்கும் வீடு. நம் பக்கம் அப்படி எத்தனை இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கேட்டில் பெரிய பூட்டு. வராந்தாவில் ஊஞ்சல் நாற்காலி, அதன்மேல் கடையில் சுற்றிய பிளாஸ்டிக் உறை அப்படியே. “பழைய வீட்டில பேய் வைக்க எவனுக்கும் தெரியும். நம்ம பிள்ளையளுக்குப் பேடி வாறது இந்தமாதிரி வீட்டப் பாத்தாக்கும். இத்தன சன்னலு உண்டு, எட்டிப் பாக்க ஒரு தலை உண்டா?” என்றாள். எனக்கும் பேடி வந்தது, நடுப்பகலில் பயத்தில் முதுகு சிலிர்த்தது. என் பங்களா அன்றோடு இடிந்தது.

ஆனால் ஒருவரும் வாழாத வீட்டில் யார் செத்திருப்பார்கள்? பேய் எங்கிருந்து வரும்? அதற்கும் அவளிடம் பதில் இருந்தது. நாலுவழிச் சாலைக்காக வெட்டிய பாலைமரத்தில் குடியிருந்த பேய் அது. மரம் போனதும் போக்கிடம் இல்லாமல், சும்மா கிடக்கிற வீடுதானே என்று ஏறிவிட்டது. புது வீட்டின் சிமெண்டுத் தூசி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் ஓயாமல் தும்முகிறது. மதில் தாண்டி விழுந்த பந்தை எடுக்க மூன்று பிள்ளைகள் உள்ளே போகிறார்கள். இவ்வளவுதான் கதை.

அவள் வேலை செய்யும் முறையை அருகிலிருந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். பென்சில் கோடுகளாக ஒரு காட்சி தயாரானதும், விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை உட்காரவைத்துத் திரையில் ஓட்டிக் காட்டுவாள். தான் மட்டும் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, பிள்ளைகளைப் பார்த்தபடி உட்காருவாள். முகங்களைப் பார்ப்பாள் என்றுதான் நான் முதலில் நினைத்தேன். அவள் பார்த்தது கைகளை. “பேடி வந்தா பிள்ளை பக்கத்துப் பிள்ளைக்க கையப் பிடிக்கணும். அம்மையத் தேடி ஓடினா நாம தோத்தாச்சு” என்பாள். எந்த இடத்தில் ஒரு குழந்தை எழுந்து வாசலைப் பார்த்ததோ அந்த இடத்தை அன்றே அழித்துத் திரும்ப வரைவாள். சிலபோது நல்ல காட்சிகளும் போகும். பிபின் வயிறெரிவான்.

இதற்கு ஆலயத்து ஹால் வேண்டியிருந்தது. சபைக் கமிட்டிச் செயலாளர் தங்கராஜ் சார் ஒரேயடியாக மறுத்தார். “ஐடா, இது ஆலயத்துக்க ஹாலாக்கும். பேய்ப்படம் காட்டுற எடமில்ல.”

“சார், வருசா வருசம் கன்வென்ஷன் கூட்டம் போட்டு இஞ்ச இருந்துதானே பிசாசத் தொரத்துதோம். பாவம், அது எங்க போவும்? எனக்க படத்தில வந்து இருந்துக்கிடட்டு” என்றாள் ஐடா.

சார் சிரிக்கவில்லை. தானும் கூட உட்கார்ந்து பார்ப்பதாக நிபந்தனை வைத்துச் சாவியைக் கொடுத்தார். மாடிக் கதவு தானாகத் திறக்கிற காட்சியில் அவர் பக்கத்திலிருந்த உபதேசியாரின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டதை நான் பார்க்கவில்லை, நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐடா பார்த்துவிட்டாள். “செயலாளரு பாஸாயாச்சு” என்று என் காதில் சொன்னாள். அந்தக் காட்சியில் அப்புறம் ஒரு கோட்டையும் அவள் மாற்றவில்லை.

அந்த வீடு முனக வேண்டும் என்று ஒருநாள் பிடிவாதம் பிடித்தாள். புது வீடு, மரம் கிடையாது, எதுவும் கிரீச்சிடாது. எது முனகும்? என்னை இழுத்துக்கொண்டு பூவாற்றுக்குப் போனாள். சுற்றுலாப் படகுகள் கட்டிக் கிடக்கும் துறையில் வெயிலில் உட்கார்ந்து கயிறுகளுக்குப் பக்கத்தில் மைக்கை நீட்டினோம். படகுக்காரர் ஒருவர் வந்து, “சேச்சி, போட்டில் கேறுந்நில்லே?” என்று கேட்டார். “கேறான் வந்நதல்ல, கேள்க்கான் வந்நதா” என்றாள் ஐடா. ஏற வரவில்லை, கேட்கத்தான் வந்தோம் என்று அவரிடம் விளக்கியதும், அவர் கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி வேறு மரக்குற்றியில் கட்டிக் கொடுத்தார். படகு அசைந்தது, கயிறு நீளமாக, வயிற்றுவலிக்காரனைப் போல முனகியது. இன்று படம் பார்க்கிற எல்லோரும் அந்த வீட்டுக்குள் எதுவோ படுத்திருக்கிறது என்று நினைக்கிறார்கள். பூவாற்றுக் கயிறுதான் அது.

இனி எங்கள் புகழ்பெற்ற தவறுக்கு வருகிறேன். இதைக் கேரளத்தில் வாழும் எல்லையோரத் தமிழர்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது. படம் பெரும்பாலும் முடிந்த நிலையில், சென்னையிலிருந்து ஒரு படக்கம்பெனிக்காரர் பார்க்க வந்தார். பிடித்திருந்தால் மீதியை முடித்துத் திரையரங்குக்குக் கொண்டுபோவதாகப் பேச்சு. கடைசிவரை பார்த்தார். முடிந்ததும், “நல்லா இருக்கு மேடம். மீதி டப்பிங் எப்ப முடியும்?” என்று கேட்டார்.

“முடிஞ்சாச்சே” என்றேன் நான்.

“இல்லையே, பேய் வந்ததுலேர்ந்து எல்லாரும் மலையாளம் பேசறாங்களே!”

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வசனம் எழுதியது நான். பிள்ளைகளைப் பேசவைத்துப் பதிவு செய்தது நான். அந்தந்த ஒலிக்கு வாய் எப்படித் திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாயாக வரைந்தது ஐடா. ஒருவருக்கும் தெரியவில்லை. படம் பாதியில் தமிழிலிருந்து மலையாளத்துக்குப் போனதை பேய்க்குக் குரல் கொடுத்த பிபின் உட்பட நாங்கள் மூன்று பேரும் கவனிக்கவே இல்லை.

யோசித்தால் காரணம் எளிது. நம் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் பேசுவார்கள். முன்பின் தெரியாத பெரிய ஆள் எதிரே வந்தால், டாக்டரோ போலீஸ்காரரோ யாரானாலும், வாய் தானாக மலையாளத்தில் தொடங்கும். பேயும் முன்பின் தெரியாத பெரிய ஆள்தானே. ஐடா அன்று சாயங்காலம் வரை சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது முகத்தில் சிரிப்பில்லை. “மக்கா, அது தப்பில்ல கேட்டியா. நாம அறியாம சரியாட்டு செய்திருக்கோம். அப்பிடியே இருக்கட்டு. கடைசியில அந்த மூணு பேரில சின்னக்குட்டி பேய்க்கிட்ட மொதல்ல ஒரு வார்த்த தமிழில கேக்கணும். அப்பம் பேடி போயாச்சுன்னு அர்த்தம்.”

கம்பெனிக்காரர் இரண்டு மாற்றங்கள் கேட்டார். படம் முழுக்க ஒரே மொழியில் இருக்க வேண்டும். கடைசியில் பிள்ளைகள் சேர்ந்து பேயை விரட்டிவிட வேண்டும். குடும்பப் படமென்றால் முடிவில் பேய் போய்விட வேண்டுமாம், அப்போதுதான் பிள்ளைகள் நிம்மதியாகத் தூங்குவார்களாம். மனிதர் கெட்டவரில்லை. தன் தொழிலைத் தெரிந்தவர்தான் பேசினார். ஐடா அவருக்கு இன்னொரு நேந்திரங்காய் வறுவல் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, “எங்க சார் போவும்? மரத்தையும் வெட்டியாச்சு” என்றாள். யோசித்துச் சொல்லுங்கள் என்றார் அவர். “யோசிச்சாச்சு. வேண்டாம்” என்றாள். அப்போது நோய் அவளுக்குள் இருந்தது, அவளுக்கே தெரியாது.

தெரிந்த பிறகும் அவள் வேகம் குறையவில்லை. என்னைத்தான் அது பயமுறுத்தியது. ஆஸ்பத்திரியில் இடக்கையில் ஊசி குத்தியிருக்கும், வலக்கையால் வரைந்துகொண்டிருப்பாள். மிச்சம் இருந்தது கடைசிக் காட்சி மட்டும். வீட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பி வரப்போகிறார்கள். பேய்க்கு மறுபடியும் போக்கிடம் இல்லை. இருப்பதிலேயே சின்னவளான பிள்ளை அதன்முன் போய் நின்று, வீட்டு ஆளிடம் கேட்பதுபோல, “நீ கஞ்சி குடிச்சியா?” என்று கேட்கிறாள். இதற்குப் பேய் என்ன செய்ய வேண்டும் என்று கட்டிலைச் சுற்றி நின்று சண்டை போட்டோம். அழ வேண்டும் என்றான் பிபின். சிரிக்க வேண்டும் என்றேன் நான். ஐடாவுக்குக் கோபம் வந்தது. “பசிச்சவனுக்கு அழவும் சிரிக்கவுமா நேரம்? ‘இல்ல’ன்னு சொல்லும். ‘அப்பம் வா’ன்னு குட்டி கைய நீட்டும். அவ்வளவுதான்.”

குட்டி கையை நீட்டும் படத்தை வரைந்தாள். பேயின் கையைக் குட்டி பிடித்திருக்கும் படத்தையும் வரைந்தாள். இடையில் உள்ளதை வரைய அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. என்னைப் பார்த்து, “அது ஒனக்க வேலதானே” என்றாள். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்ன தெளிவான வாக்கியம் இதுதான். எனக்கு இதைவிடப் பெரிதாக ஏதாவது சொல்லியிருக்கலாமே என்று அப்போது தோன்றியது. இப்போது தோன்றவில்லை.

அடக்கம் முடிந்த வாரத்திலேயே சென்னையிலிருந்து போன் வந்தது. உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, “அவங்க நினைவா படத்தை நாங்களே முடிச்சுடறோம் மேடம். அந்த ரெண்டு மாற்றம் மட்டும்” என்றார். நான் உடனே மறுத்துவிட்டேன் என்று எழுதினால் பெருமையாக இருக்கும். மறுக்கவில்லை. பிபினுக்கு வேறு ஊரில் நல்ல வேலை காத்திருந்தது. வேண்டாம் என்று சொன்னால் படம் ஒரு திரையரங்கையும் பார்க்காமல் எங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடந்துபோகலாம். ஐடா பெயர் ஒரு பெரிய திரையில் வருவதை நான் பார்க்க ஆசைப்பட்டேன், அதை மறைப்பானேன். கொஞ்சம் நாள் கேட்டேன். அந்த நாள்களில் இடைப்படங்களை வரைய உட்கார்ந்தேன். பல வருடமாகப் பென்சில் பிடிக்காத கை. முதலில் வரைந்ததெல்லாம் கோழிக்கால்போல வந்தது. கிழித்துப் போட்டுத் திரும்பத் திரும்ப வரைந்தேன். பிபின் புது வேலைக்குப் போகக் கட்டிய பெட்டியைப் பிரித்து வைத்துவிட்டு, “கடைசி சீனுக்கு ஆகாசம் நான் போடாம யாரு போடுவா?” என்று வந்து உட்கார்ந்தான்.

அந்தக் கஞ்சிக் கேள்வியும் இன்னும் பதிவாகாமல் இருந்தது. சின்னக்குட்டிக்குக் குரல் கொடுப்பவள் ஐடாவின் மகள் ஜெனிமா. அவளிடம் எப்படிக் கேட்பது என்று நான் தயங்கினேன். செல்வினே அவளை அழைத்து வந்தார். மைக்கின் முன்னால் நின்று, “எப்பிடிச் சொல்லணும்?” என்று கேட்டாள். எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. அம்மா இறந்த நாளிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவள் தலையைத் தடவி அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது அவள் வாயைத் திறந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. “நீ கஞ்சி குடிச்சியா?” என்றாள். அவள் கேட்டவிதம் அப்படியே அவர்களுடையது. இன்னொரு முறை சொல்ல வைக்கவில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அவள்தான் என் முதுகில் தட்டினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அதே ஹாலில் முழுப் படத்தையும் ஓட்டினோம். சன்னல்களுக்குக் கறுப்புத் துணியைத் தங்கராஜ் சாரே கட்டினார். காரோட்டுப் பிள்ளைகள், எங்கள் பனச்சமூட்டிலிருந்து வந்த பிள்ளைகள், எல்லோரும் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சிவப்பு நாற்காலி ஓரத்தில் கிடந்தது. எடுத்துத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

ஐடா சொன்ன இன்னொன்றை இங்கே சொல்ல வேண்டும். “கையப் பிடிக்க வச்சா பாதிப் படம். பிடிச்ச கைய அதுவளாட்டுத் தன்னால விடணும், அதாக்கும் மீதி” என்பாள். பாதியை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். மீதியைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான் பார்த்தேன். பூவாற்றுக் கயிறு முனகியபோது வரிசை வரிசையாகக் கைகள் பிணைந்தன. மாடிக் கதவு திறந்தபோது விரல்கள் வெளுத்தன. ஒரு பிள்ளையும் எழுந்து ஓடவில்லை. பிறகு என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஜெனிமாவின் குரல் கஞ்சி குடித்தாயா என்று கேட்டது. பிபினின் குரல் “இல்ல” என்றது. முன்வரிசையில் ஒரு சிறுவன் பக்கத்தில் இருந்தவளின் கையை விட்டுவிட்டுத் தன் முழங்காலைச் சொறிந்தான். அப்புறம் இன்னொரு ஜோடி, அப்புறம் பின்வரிசை. விட்டதே அவர்களுக்குத் தெரியாது. நான் வரைந்த இடைப்படங்கள் அப்போது ஓடிக்கொண்டிருந்தன.

துணிகளை அவிழ்த்த பிறகு தங்கராஜ் சார் மெதுவாக என்னிடம் வந்தார். “அப்பம் அந்தப் பேய் இனி அந்தப் பிள்ளைக்க வீட்டிலதான் இருக்குமா?” என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். கையிலிருந்த கறுப்புத் துணியை மடித்தார். “சரி, இருக்கட்டு” என்றார்.

மறுநாள் சென்னைக்கு நானே போன் செய்தேன். கம்பெனிக்காரர் முதலில் கேட்டது, கடைசியில் பேய் போகுமா மேடம் என்பதுதான். “போகாது சார். இருக்கட்டும்னு சபைக் கமிட்டியே சொல்லியாச்சு” என்றேன். மொழியும் மாறாது என்றேன். அவர் சிரித்தார், வருத்தத்தோடு வாழ்த்தினார், அதோடு அந்தக் கதவு சாத்திக்கொண்டது. நான் போனை வைத்துவிட்டு அடுத்து எந்த ஹாலைக் கேட்கலாம் என்று பிபினிடம் பேசத் தொடங்கினேன்.

ஐடாவின் பென்சில்கள் ஜெனிமாவிடம் இருக்கின்றன. படங்கள் எல்லாம் செல்வினின் அலமாரியில் இருக்கின்றன. நான் கேட்டு வாங்கிக்கொண்டது அந்தச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை மட்டும்தான். பாறசாலையில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அடுத்து படம் ஓட்டுகிறோம். அதற்கு அப்புறம் வெள்ளறடை, அதற்கு அப்புறம் எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம். யார் இடம் கொடுத்தாலும் போவோம். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். திரையை நீங்கள் பாருங்கள், கைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்.